வெர்ட்ஸ் வாசல் நிறுத்தம்

ஆல்டர் க்ரீக், ஒஹாயோ
ஜூலை 12, 1903

அன்புத் தங்கை மின்னாவுக்கு,

அக்கா ஹுல்டா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். மாடுகள் சுகம், கோழிகள் அளவுக்கு மீறிச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் கையெழுத்தைப் பார்த்து மாதம் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு கூத்து நடக்கிறது. பெல்ஃபோர்டிலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் மின்சார ரயில் வரப்போகிறது என்று உங்கள் பத்திரிகையில் படித்திருப்பாய். அது எங்கள் புல்வயலின் ஓரமாகத்தான் போக வேண்டுமாம். அளவெடுக்க வந்த ஆட்கள் வயல் நெடுக முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றையும் காணோம். எல்லாம் என் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன! "நல்ல ஓக் மரம். வீணாப் போக வேணாமேன்னு எடுத்தேன்" என்கிறார் உன் அத்தான், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அப்புறம் கம்பெனி ஏஜெண்டு பார்டீ வந்தார். வெயிலில் வெந்து, வைக்கோல் தொப்பியை விசிறியாக்கிக்கொண்டு நின்றார்.

"மிஸ்டர் வெர்ட்ஸ், இந்தப் பக்கம் எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"அப்ப என் நிலத்தைச் சுத்திக்கிட்டுப் போங்க."

"ரயில் வளைஞ்சு போகாதுங்க. நேராத்தான் போகும்."

"நானும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குள் போய்விட்டார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மாப்பிள்ளை டவுன் டிராமை விட்டுவிட்டு இந்தப் புது வண்டியை ஓட்டப்போகிறார் என்று பக்கத்துப் பண்ணை எஃப்ரெயிம் ஸ்டம்ப் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார். உண்மையா? உன் அத்தான் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "வாசப்படி மிதிக்காதேன்னேன். இப்ப வயலுக்குள்ளயே வண்டியோட வர்றானா?" என்றார். சகலை என்று ஒரு உறவு இருப்பதையே அவர் ஒப்புக்கொள்வதில்லை. உன் கல்யாணத்தன்று 'டிராம் வண்டிக்காரன்' என்று சொன்னவர், இன்றுவரை அந்த மனிதரின் பெயரைச் சொன்னதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹுல்டா


பெல்ஃபோர்ட்
ஜூலை 26, 1903

அன்பு அக்காவுக்கு,

மின்னாவின் முத்தங்கள். நாங்கள் நலம். ஆரினும் நலம், கொஞ்சம் மிதப்பாகவே இருக்கிறார். எஃப்ரெயிம் சொன்னது உண்மைதான். கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு தந்திருக்கிறார்கள். ராத்திரி அதைக் கதவில் மாட்டிவிட்டுப் படுக்கையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா, இந்த ரயில் வந்துவிட்டால் உன் வாசலிலிருந்து என் வாசலுக்கு ஒரு மணி நேரம்தானாம். இப்போது நீ வர வேண்டுமானால் குதிரை வண்டியில் ஒரு பகல் முழுக்க. இல்லாவிட்டால் நீராவி ரயிலில் ஊரைச் சுற்றி, ஜங்ஷனில் ஒரு ராத்திரி கொசுக்கடி. அத்தானிடம் கொஞ்சம் நயமாகச் சொல்லிப் பாரேன். எனக்காக என்று மட்டும் சொல்லாதே.

போன மார்ச்சில் நீ வர முடியவில்லை. சாலையெல்லாம் சேறு, எனக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். குழந்தையின் கல்லறையைச் சுற்றி ஆரின் சின்னதாக ஒரு வெள்ளை வேலி போட்டிருக்கிறார். அழகாக இருக்கிறது.

உன் வெள்ளரிக்காய் ஊறுகாய் மிச்சம் இருந்தால் ஒரு ஜாடி அனுப்பு. இங்கே கடையில் விற்பது வாயில் வைக்க விளங்கவில்லை. முடிந்தால் இரண்டு ஜாடி.

உன் மின்னா


ஆல்டர் க்ரீக்
செப்டம்பர் 6, 1903

அன்பு மின்னாவுக்கு,

இங்கே சுகம். ஊறுகாய் மூன்று ஜாடி அனுப்பியிருக்கிறேன். நடு வெயிலில் ஊறுகாய்க்குத் தவிக்கிற பெண்ணைப் பற்றி எனக்குத் தோன்றுவதை எழுதினால் திருஷ்டி பட்டுவிடும். நீயே எழுது.

உன் அத்தான் கையெழுத்துப் போட்டுவிட்டார்! நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சத்தியமாக. பார்டீ நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ வந்து வேலி ஓரம் நின்றார். பாவம், அவருக்கே நம்பிக்கை போயிருந்தது. நான் மோர் கொண்டு போனேன். இவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"பெல்ஃபோர்ட் போக எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு மணி நேரங்க."

"மார்ச் மாசத்துல?"

"மார்ச்லயும் அதே ஒரு மணி நேரந்தான்."

"சேத்துல நின்னுறாதே?"

"தண்டவாளத்துக்கு ஏதுங்க சேறு?"

மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டிவிட்டார். பிறகு, "வண்டி என் வாசல்ல நிக்கணும். எப்பவும் நிக்கணும். அதை எழுத்துல போடு" என்றார். ஒரு ஆணி வாங்கினாலும் கடைக்காரனை அழவைக்கிற மனிதர், நிலத்துக்குப் பேரமே பேசவில்லை. எதற்கு வாசலில் நிறுத்தம் என்று கேட்டேன். "பால் ஏடு அனுப்ப" என்றார். இருக்கிற பசுக்களின் ஏட்டை எஃப்ரெயிமின் வண்டியில்தான் இத்தனை வருஷமும் அனுப்பினோம், ஒரு குறையும் இல்லை.

சீக்கிரம் எழுது.

அக்கா


பெல்ஃபோர்ட்
செப்டம்பர் 20, 1903

அன்பு அக்கா,

உன் மூக்குக்கு எல்லாம் எட்டிவிடும். ஆமாம். மார்ச் மத்தியில் என்கிறார் டாக்டர். ஊறுகாய் ஜாடி ஒன்றுதான் மீதி.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கவலைப்படக்கூடாது என்கிறார். முதல் இரண்டும் செய்கிறேன். மூன்றாவதை எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை.

அக்கா, நேராகவே கேட்டுவிடுகிறேன். இந்தத் தடவை நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும். போன தடவை அறையில் டாக்டர் இருந்தார், பக்கத்து வீட்டு அம்மாள் இருந்தார், நல்ல மனிதர்கள். ஆனால் வலிக்கும்போது நான் கூப்பிட்டது உன் பெயரைத்தான். வா.

ஆற்றங்கரையில் மின் நிலையத்தின் புகைபோக்கி எழும்பிவிட்டது. ஆரின் சோதனை வண்டி ஓட்டுகிறார். காகிதத் தொழிற்சாலைப் பக்கம் ஒரு கிழவர் ஓடிவந்து, குதிரையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாராம்.

அத்தானுக்கு என் வணக்கம். சொன்னால் என்ன சொல்கிறார் என்று எழுது.

மின்னா


ஆல்டர் க்ரீக்
டிசம்பர் 9, 1903

என் மின்னாவுக்கு,

சோளம் அறுப்பு, பன்றி அடிப்பு, தொத்திறைச்சி என்று கை ஒழியவில்லை. எழுதத் தாமதமானதற்குத் திட்டாதே. நாங்கள் சுகம். உன் வணக்கத்தைச் சொன்னேன். "ம்" என்றார். அவருடைய 'ம்'களில் இது நல்ல 'ம்'.

வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது! திறப்பு விழாவுக்கு ஊரே போனது. இவர் மட்டும் தொழுவத்தில் சாணி வாரினார். பசுக்கள் மிரண்டு ஓடின. ஒன்று நாலு நாள் பால் தரவில்லை. உன் புருஷன் எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் விசிலை நீளமாக ஊதுகிறார். நான் சந்தோஷத்தில் ஏப்ரனை அவிழ்த்து ஆட்டினேன். வண்டி கிறீச்சென்று நின்றுவிட்டது.

"ஏறுறீங்களா அக்கா?"

"இல்ல மாப்பிள்ள, சும்மா ஆட்டினேன்."

"வெள்ளைத் துணி ஆட்டினா நிறுத்தணுங்க. சட்டம்" என்று சிரித்துக்கொண்டே போனார். வண்டி முழுக்கச் சிரிப்பு.

அதுகூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை நடந்ததைக் கேள். திங்கட்கிழமை என்றால் இங்கே எல்லா வீட்டிலும் துணி துவைக்கும் நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். என் துணிக்கொடி வாசல் வேலி ஓரம்தானே? படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் காற்றில் பறக்கின்றன. வேறொரு ஓட்டுநர், ஹாலரன் என்ற ஐரிஷ்காரர், வண்டியை நிறுத்திவிட்டார். கண்டக்டர் இறங்கிப் படியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறார். இவர் தொழுவத்திலிருந்து வந்தார்.

"என்ன வேணும்?"

"நீங்கதானே கொடி காட்டினீங்க?"

"அது கொடி இல்லய்யா. என் சட்டை."

கண்டக்டர் கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். கடைசியில் இவருடைய குளிர்கால உள்சட்டைகள், சிவப்பு ஃபிளானல், வரிசையாகத் தொங்குகின்றன. "வெள்ளை காட்டினா ஆள் ஏறணும்னு அர்த்தம். சிவப்பு காட்டினா ஆபத்துன்னு அர்த்தம். உங்க வீட்டுல ரெண்டும் ஒண்ணாத் தொங்குதே, என்னங்க ஆபத்து?" என்றார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். எஃப்ரெயிமின் மனைவியும் உள்ளே இருந்தாள், வேறென்ன வேண்டும்.

அன்று இரவு படுக்கப் போகும்போது, "என் உள்சட்டையைப் பெல்ஃபோர்ட் பூரா பாத்துருச்சு" என்றார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நான் எப்போது வருவேன் என்று கேட்டிருக்கிறாய். மின்னா, போன வருஷம் நான் அவரிடம் கேட்டேன், சேறு என்று சொல்லித் தடுத்துவிட்டார். இந்த வருஷம் கேட்கப்போவதில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன். வீம்பு என்றால் வீம்புதான்.

ஹுல்டா


பெல்ஃபோர்ட்
டிசம்பர் 16, 1903

அன்பு அக்கா,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. டாக்டர் சிரிக்கக்கூடாது என்று சொல்லவில்லை, நல்லவேளை. மற்றபடி நலம்.

ஆனால் அக்கா, விஷயம் கொஞ்சம் விளையாட்டில்லாமல் ஆகிக்கொண்டிருக்கிறது. இந்தத் திங்களும் உங்கள் வாசலில் வண்டி நின்றதாமே? ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டி ஒதுக்குப் பாதையில் காத்து நிற்கும். உன் தலையணை உறைக்காக இவர்கள் தாமதித்தால் அவர்களும் தாமதம். அங்கிருந்து கடைசி வரைக்கும் எல்லாம் தாமதம். கம்பெனி சூப்பிரண்டு கத்துகிறாராம். "வெர்ட்ஸ் வாசல் நிறுத்தத்தையே எடுத்துடறேன். எழுத்துல இருந்தா என்ன, வக்கீல் பாத்துக்கட்டும்" என்றாராம்.

அதை எடுத்துவிட்டால் மார்ச்சில் நீ எப்படி வருவாய்? ஊருக்குள் போய் ஏறுவதென்றால் மறுபடி அந்தச் சேற்றுச் சாலைதான். தயவுசெய்து கொடியை மாற்றிக் கட்டு.

அத்தான் சொல்வார் என்று நீ காத்திருப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நானும் இங்கே காத்துக்கொண்டிருக்கிறேன்.

மின்னா


ஆல்டர் க்ரீக்
ஜனவரி 17, 1904

அன்பு மின்னாவுக்கு,

புது வருஷ ஆசிகள். இங்கே எலும்பு வரை குளிர். நாங்கள் சுகம். நீ போன வாரம் எழுதவில்லையே, கிறிஸ்துமஸ் கடிதத்தில் சொன்ன கால் வீக்கம் குறைந்ததா?

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன், சூப்பிரண்டு சொன்னது வரைக்கும். அதற்குக் கீழே உள்ளதை மனதுக்குள் படித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கடப்பாரைச் சத்தம். உறைந்த மண்ணில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்! சாயங்காலத்துக்குள் துணிக்கொடி தொழுவத்துக்குப் பின்னால் போய்விட்டது.

"எதுக்குங்க இந்தப் பனியில?"

"ரயில் கரி துணியில படியுது."

"அது கரண்டுல ஓடுதுங்க. கரி ஏது?"

"படியுதுன்னா படியுது."

கம்பெனியும் இறங்கி வந்தது. இப்போது வாசலில் ஒரு கம்பம் நட்டு, வெள்ளை அடித்த பலகை மாட்டியிருக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் பலகை கை நீட்டியதுபோல மேலே ஏறும். அதைப் பார்த்தால் மட்டும் நிற்பார்கள். வேறு எந்தத் துணிக்கும் இந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று ஓட்டுநர்களுக்கு உத்தரவாம். அந்தப் பலகைக் கீலுக்கு இவர் வாரம் ஒருமுறை கொழுப்பு தடவுகிறார். யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. காலையில் உன் புருஷனின் வண்டி வரும் நேரத்துக்கு இவருக்கு வேலி ஓரத்தில் எப்போதும் ஏதாவது வேலை இருக்கிறது. விசில் கேட்டதும் கடிகாரத்தை எடுத்துப் பார்க்கிறார். நேற்று, "இன்னிக்குக் கரெக்டா வந்துட்டான்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

ஹுல்டா


ஆல்டர் க்ரீக்
பிப்ரவரி 7, 1904

மின்னா,

இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. நலமா என்று கேட்பதுகூட எரிச்சலாக வருகிறது, நலம் என்றால் எழுதியிருப்பாயே.

செவ்வாய்க்கிழமையிலிருந்து காலை வண்டியில் ஆரின் இல்லை. எனக்கு முன்னால் இவர்தான் பார்த்தார். உள்ளே வந்து தொப்பியைக் கழற்றாமலே, "ஓட்டுறது வேற ஆளு" என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமை ஹாலரனின் வண்டி வந்தபோது வேலியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் கூடவே நடந்து பார்த்தார். என்ன கேட்க நினைத்தாரோ, கேட்கவில்லை.

ஒரு வரி எழுது. இல்லை, மாப்பிள்ளையை எழுதச் சொல்.

அக்கா


பெல்ஃபோர்ட்
பிப்ரவரி 12, 1904

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

ஆரின் எழுதுகிறேன். நான் நலம். மின்னா நலமில்லை. அதை எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உங்கள் வீட்டில் என்னால் சண்டை வரக்கூடாதாம். இன்று சத்தியத்தை மீறுகிறேன்.

கால் வீக்கம் முகம் வரை வந்துவிட்டது. எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்ச் வரை தாங்காது, எந்த நாளும் பிரசவமாகலாம் என்கிறார். கம்பெனியில் விடுப்பு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியும், தலைமாட்டில் உட்காரத் தெரியும். ஆனால் அவள் தூக்கத்தில் உங்களைத்தான் கூப்பிடுகிறாள்.

வெர்ட்ஸ் அண்ணன் என்னை வேண்டாம் என்கிறார், சரி. நீங்கள் வந்தால் நான் பக்கத்து வீட்டில் படுத்துக்கொள்கிறேன். வாருங்கள் அக்கா.

பால் ஏடு ஏற்றும் வண்டியில் ஹாலரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஆரின் டக்கர்


பெல்ஃபோர்ட்
பிப்ரவரி 14, 1904

அன்புள்ள கணவருக்கு,

ஹுல்டா எழுதுவது. நேற்று மதியம் மின்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கெட்டியான ரொட்டி ஒன்றின் அளவுதான் இருக்கிறாள். பஞ்சு சுற்றி, அடுப்புக் கதவுக்குப் பக்கத்தில் கூடையில் வைத்திருக்கிறோம். அழுகிறாள், நன்றாகவே அழுகிறாள். மின்னா என் கையை நசுக்கியதில் இன்னும் விரல் மடங்கவில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். டாக்டரே சொல்லிவிட்டார்.

உங்கள் நெஞ்சு எப்படி இருக்கிறது? இருமினால் வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துக்கொள்ளுங்கள், அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. அந்தக் குளிரில் நீங்கள் நின்ற கோலம் கண்ணிலேயே நிற்கிறது.

போன மார்ச்சிலிருந்து நான் உங்களோடு சரியாகப் பேசவில்லை. உங்களுக்கும் தெரியும். ஊருக்கு வந்ததும் பேசுவேன். நிறையப் பேசுவேன், தயாராக இருங்கள்.

உங்கள்
ஹுல்டா


பெல்ஃபோர்ட்
பிப்ரவரி 28, 1904

மரியாதைக்குரிய வெர்ட்ஸ் அண்ணனுக்கு,

ஆரின் டக்கரின் வணக்கம். இதைப் படிக்காமல் அடுப்பில் போட உங்களுக்கு உரிமை உண்டு. இருந்தாலும் எழுதுகிறேன். இங்கே மூவரும் நலம். குழந்தை கூடையை விட்டு என் கோட்டுக்குள் குடியேறிவிட்டாள். பித்தளைப் பொத்தானை வெறித்துப் பார்க்கிறாள்.

அன்று என்ன நடந்தது என்று அக்கா பாதிதான் சொன்னார்கள். மீதி ஹாலரன் சொன்னான். இப்போது எங்கள் வண்டிக் கொட்டகையில் அதைச் சொல்லாத ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்வது சரியா என்று நீங்களே பாருங்கள்.

என் கடிதம் அங்கே வந்தது முந்தின நாள் ராத்திரி. அன்று ராத்திரி முழுக்க உறைமழை. விடிந்ததும் என் கடிதத்தை அக்கா காட்டியிருக்கிறார்கள். நீங்கள் படித்துவிட்டு, "கெளம்பு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் குதிரைகளைப் பூட்டப் போனீர்கள். வாசல் தாண்டுவதற்குள் இரண்டு குதிரைகளும் பனிக்கட்டியில் சறுக்கி முட்டி போட்டுவிட்டன. உடனே ரயில் பலகைக்கு ஓடினீர்கள். அது கம்பத்தோடு சேர்ந்து உறைந்து கிடந்தது. கயிறு கையோடு வந்துவிட்டது.

அன்று பயணிகள் வண்டியே கிடையாது அண்ணா. மேலே போகிற மின்கம்பியில் பனிக்கட்டி படிந்துவிடாமல் சுரண்டுவதற்காக ஹாலரன் வெறும் வண்டியை இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தான். யாரையும் ஏற்றக்கூடாது, எங்கும் நிற்கக்கூடாது. நீங்கள் தலையணை உறையை ஆட்டினீர்கள். ஹாலரன் சொல்கிறான்: "வெர்ட்ஸ் வீட்டு வெள்ளைத்துணிக்கு நிக்காதேன்னு ஆர்டர். இன்னிக்குத் திங்கக்கிழமைகூட இல்லையேன்னு கையாட்டிட்டுப் போயிட்டேன். பின்னால திரும்பிப் பாத்தா அந்தம்மா பொட்டி மேல உக்காந்து அழுவுது. மனசு கேக்கல. ஆனா நிறுத்த முடியுமா?"

திரும்பி வரும்போது நடந்ததை அவன் எழுந்து நின்று நடித்துக் காட்டுகிறான். "வளைவுல திரும்பறேன். தண்டவாளத்து நடுவுல ஒரு மனுசன். இடுப்புக்கு மேல பொட்டுத் துணி இல்ல. தாடியெல்லாம் ஐஸ். கையில செவப்பா ஒண்ணைத் தலைக்கு மேல சுத்துறாரு. யோவ், செவப்புன்னா நான் நின்னுதான் ஆவணும்! ஜனாதிபதியே உள்ள இருந்தாலும் நிக்கணும்! நிறுத்திக் கதவைத் தொறந்தா, அந்த ஆளு பல்லு கிட்டிக்கிட்டு நடுங்குறாரு. 'என்னய்யா ஆபத்து'ன்னு கேட்டேன். 'என் மச்சினிச்சிக்கு'ங்கறாரு. அந்தம்மாவ ஏத்திவிட்டுட்டு, சட்டையக்கூடப் போடாம கையில புடிச்சிக்கிட்டே நின்னாரு."

அக்கா எங்கள் வாசலுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் மின்னாவுக்கு வலி எடுத்துவிட்டது. அடுத்த வண்டிக்கு அவர்கள் காத்திருந்தால் பிரசவம் முடிந்த பிறகுதான் வந்திருப்பார்கள். போன வருஷம்போல நடந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. நினைத்துப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை. நிறுத்தம் வாங்கினதே இதற்காகத்தான் என்று அக்கா இப்போது சொல்கிறார்கள். பால் ஏட்டுக்காக இல்லையாம்.

ஹாலரனை சூப்பிரண்டு கூப்பிட்டு விசாரித்தார். சிவப்பு யார் காட்டினாலும் நிற்பதுதான் விதி என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.

நன்றி என்று எழுதினால் சின்னதாகப் போய்விடும். அதனால் எழுதவில்லை.

உங்கள்
ஆரின் டக்கர்


ஆல்டர் க்ரீக்
மார்ச் 20, 1904

ஆரினுக்கு,

சுகம். இருமல் விட்டுவிட்டது. ஹுல்டா வந்து சேர்ந்தாள். சொன்னபடி நிறையப் பேசினாள். இன்னும் முடியவில்லை.

கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. உன் கடிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது. தாடியில் ஐஸ் இல்லை. மற்றதெல்லாம் சரி.

பலகையைக் கம்பெனி ஆட்கள் திரும்ப மாட்டினார்கள். கோணலாக மாட்டியிருந்தார்கள், நான் சரிசெய்துவிட்டேன். சாலையெல்லாம் சேறு. எஃப்ரெயிமின் வண்டி அச்சு வரை இறங்கிக் கிடக்கிறது. உன் வண்டி பாட்டுக்கு அதைத் தாண்டிப் போகிறது. வேலி ஓரம் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாய்.

ஈஸ்டருக்கு மின்னாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. ஹுல்டா பன்றித் தொடை வேகவைப்பாள், ஊறுகாய் இருக்கிறது. குழந்தைக்குக் காற்றுப் படாமல் வண்டி ஜன்னலை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

தினம் நாலு தடவை எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறவனுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறது, சொல்கிறேன். துணிக்கொடியைத் திரும்பப் பழைய இடத்திலேயே, வேலி ஓரம் நட்டுவிட்டேன். அன்றைக்கு அதில் வேறு துணி இருக்காது. சிவப்பாக ஒன்று மட்டும் தொங்கும். அங்கே இறங்கு.

வாசலில் நின்றுவிடாதே. உள்ளே வா.

உன் சகலை,
கான்ராட் வெர்ட்ஸ்